மீன் வீட்டுக்கு வெள்ளையடித்தேன்

கூச்ச சுபாவம் உள்ளவர்களைப் பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம்தான் இருக்கிறது. அடக்கமானவர், வம்புக்குப் போகாதவர் என்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். கூச்சப்படுகிறவனிடம் வேலை கொடுப்பது ஆபத்து. சந்தேகம் வந்தால் மற்றவர்கள் வாயைத் திறந்து கேட்பார்கள். இவன் கேட்க மாட்டான். கேட்பதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்து வைத்துவிடுவான்.

நான் அப்படிக் கூடுதலாகச் செய்து வைத்த வேலையில், ஒரு கடலோரக் கிராமம் மூன்று வருடம் அலைந்து வாங்கிய அனுமதி முழுகிப்போனது. (முழுகியது அனுமதி மட்டும்தான். முழுக வேண்டிய பொருள் கரையிலேயே நின்றுவிட்டது.)

கொல்லிமலையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ரோட்டோரமாக எனக்கு ஒரு சிமெண்ட் உறைப் பட்டறை இருக்கிறது. கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்களே, அந்த வட்ட உறை. நான் பத்தாவது வரை படித்தவன். அதற்கு மேல் போனால் வகுப்பில் எழுந்து நின்று நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். (வீட்டில் சொன்ன காரணம் வேறு.) உறையிடம் யாரும் பேச வேண்டியதில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது.

என் உறைக்கு மலையில் பெயர் உண்டு. அச்சைக் கழற்றியதும் சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து எவர்சில்வர் குண்டா மாதிரி வழவழப்பாக்கிவிடுவேன். தண்ணீர் கசியாது, பாசி பிடிக்காது. அதற்கு மேல் எனக்கு வேறு திறமை எதுவும் கிடையாது.

ஒரு நாள் தங்கராசு போன் செய்தார். அவர் என் தங்கை மல்லிகாவின் வீட்டுக்காரர். கடலோரத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறார்.

"மச்சான், மீனுக்கு ஊடு கட்டோணும்."

"சரிங்க மாப்பிள்ளை" என்றேன்.

(எதைச் சொன்னாலும் நான் முதலில் சொல்வது சரி. விஷயம் என்னவென்று பிறகு யோசிப்பேன்.)

அவரே விளக்கினார். கரைக்குப் பக்கத்துக் கடலில் மீன் குறைந்துபோய்விட்டது. ஓட்டை வைத்த சிமெண்ட் உறைகளைக் கடலுக்கு அடியில் கூட்டமாக இறக்கி வைத்தால் அது பாறை மாதிரி ஆகிவிடும். மீன் வந்து தங்கும், முட்டையிடும், பெருகும். இதற்குச் செயற்கைப் பாறை என்று பெயர். இறக்குவதற்கு அரசாங்கத்தில் ஏகப்பட்ட அனுமதி வாங்க வேண்டும். அதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் வாங்கிவிட்டார்கள். உறை மட்டும்தான் பாக்கி.

அதை ஏன் கடலிலிருந்து இத்தனை தூரத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே உட்கார்ந்து போட வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. தங்கராசு தானாகவே சொன்னார்.

"நல்ல தண்ணியிலதான் கலக்கோணும், நல்ல தண்ணியிலதான் நனைக்கோணும்னு கண்டிசன் மச்சான். இங்க கெணத்துத் தண்ணியெல்லாம் உப்பு. கொல்லிமலைத் தண்ணிக்கு மிஞ்சுன தண்ணி ஏதுன்னு நாந்தான் காண்ட்ராக்டர்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கறேன். எம்பேரக் காப்பாத்திக் குடுங்க."

"சரிங்க மாப்பிள்ளை."

மற்ற கண்டிசன்களையும் போனிலேயே சொன்னார். கடல் மணல் கூடாது. கம்பி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. உறை அச்சில் ஒட்டாமல் இருக்கப் பழைய என்ஜின் ஆயில் தடவுவோமே, அது கூடவே கூடாது, சோப்புத் தண்ணீர்தான். ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னேன். ஒவ்வொன்றையும் கடைப்பிடிக்கவும் செய்தேன். இதை மட்டும் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எங்கேயும் என்னைப் பாராட்ட இடம் வராது.

பொதுவாக எங்கள் ஊருக்குச் சிமெண்ட், கம்பி, ஜன்னல், பீரோ எல்லாம் கீழேயிருந்து மேலே வரும். மேலேயிருந்து கீழே போவது மிளகும் பலாப்பழமும் மரவள்ளிக் கிழங்கும்தான். இப்போது என் உறை கடலுக்குப் போகப் போகிறது. அந்தக் கடலை நான் டிவியில்தான் பார்த்திருந்தேன். பட்டறையில் வேலை செய்கிற பெண்களிடம் அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. அவர்கள் நான் கடல் பார்த்தவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உறைகள் நல்லபடியாக வந்தன. ஆனால் சுற்றிலும் ஓட்டை இருந்ததால் அச்சைக் கழற்றியபோது மேலெல்லாம் சொரசொரப்பு. ஜல்லி தெரிந்தது. அம்மை வந்து தழும்பான முகம் மாதிரி இருந்தது. பாலிஷ் போடுவதா வேண்டாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு போனப் போட்டுக் கேட்டாத்தான் என்னங்க?" என்றாள் என் மனைவி சரசு.

"இதக்கூடக் கேக்கோணுமான்னு நெனப்பாங்க சரசு."

"நெனச்சுட்டுப் போறாங்க. உங்களப் பொண்ணா கேக்கறாங்க?"

நான் கேட்கவில்லை. அதற்குள் தங்கராசுவிடமிருந்து அடுத்த போன். உறைகளைக் கடலுக்கு அனுப்புவதற்கு முன்னால் மீன்துறையிலிருந்து ஆபீசர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதுதான் கடைசி அனுமதி. அடுத்த வாரம் மலைக்கு வருகிறார்களாம்.

ஆபீசர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு மூளை வேலை செய்வது நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெரிய ஆபீசர் மலையேறி வருகிறார் என்றால் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். மரத்தின் காலுக்கு வெள்ளை, அதற்கு மேல் காவிப் பட்டை. ஒருமுறை ஸ்கூலுக்கு யாரோ வந்தபோது, ஆடு கட்டியிருந்த கல்லுக்கு அடித்த வெள்ளை ஆட்டின் மேலும் பட்டு, அது ஒரு வாரம் அப்படியே திரிந்தது. சுண்ணாம்பு படாத பொருள் எதுவும் ஆபீசர் கண்ணில் படக் கூடாது என்பது எங்களுக்குக் கிட்டத்தட்ட சாமி விஷயம். அப்படிப்பட்ட ஊரில், சொரசொரவென்று ஜல்லி தெரிய ஐம்பது அறுபது உறைகளை வெறும் உடம்போடு நிறுத்தி வைத்துவிட்டு ஆபீசரை எப்படி எதிர்கொள்வது?

எல்லா உறைக்கும் பாலிஷ் போட்டேன். உள்ளும் புறமும் போட்டேன். கன்னத்தை வைத்தால் வழுக்கியது. பிறகு வெளிப்பக்கம் சுண்ணாம்பு. அது காய்ந்ததும் மேலும் கீழும் காவிப் பட்டை. உள்பக்கத்துக்கு வான நீலத்தில் எனாமல் பெயிண்ட். (கடல் நீலம்தான் தேடினேன். செம்மேட்டுக் கடையில் இல்லை.) ஓட்டைகளைச் சுற்றி மஞ்சளில் ஒரு வளையம். மீனுக்கு வாசல் தெரிய வேண்டும் அல்லவா.

சரசு தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, மீனு பால் காய்ச்சிக் குடி வரப் போகுதுங்களா?"

"ஆபீசரு பாக்கோணுமல்ல."

"அப்ப ஆபீசரையே குடி வெச்சுருங்க."

எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று ஆசை. என் ஐம்பது வயதில் நான் யாருக்கும் ஆச்சரியம் கொடுத்ததில்லை. அப்படியே இருந்திருக்கலாம்.

ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். தங்கராசு, மீன்துறை மேடம், கூடவே சிங்காரவேலு என்று ஒரு பெரியவர். அவர்தான் அந்தக் கடலோர ஊரின் தலைவர். அறுபது வயதிருக்கும், கருங்காலிக் கட்டை மாதிரி ஆள். ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேராக வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். பிறகு என் பட்டறைத் திண்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நாப்பது வருசமா கடல்ல கெடக்கேன் தம்பி. புயல்ல மாட்டியிருக்கேன். ஒரு நாளும் கொமட்டுனதில்ல. இது என்னா ரோடு?"

"எழுபது வளைவுங்க" என்றேன், நானே போட்ட ரோடு மாதிரி குற்ற உணர்ச்சியோடு.

சரசு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். மேடம் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். அனுமதி வாங்கிய கதையைச் சிங்காரவேலு சொன்ன மாதிரி நான் எழுத முடியாது. முடிந்தவரை எழுதுகிறேன்.

"மொதல்ல மீன்துறையில மனு குடுத்தோம். ஆளு அனுப்பி, கடல்ல முங்கிப் பாத்து, அடி சேறா மணலான்னு எழுதுனாங்க. சேறுன்னா உறை பொதைஞ்சிரும்ல. எங்க நல்ல நேரம், மணலு. அந்தக் கடுதாசியத் தூக்கிக்கிட்டு கடற்கரை அனுமதிக்குப் போனா, கப்பல் போற தடத்துல இல்லன்னு துறைமுகத்துல எழுதி வாங்கியான்னாங்க. துறைமுகத்துல, கடலைக் காவல் காக்குறவங்களுக்குத் தெரியுமான்னாங்க. அவங்க ரொம்ப மரியாதையா உக்கார வெச்சி டீ குடுத்து, மொதக் கடுதாசி பழசாயிருச்சே, புதுசு வாங்கியான்னாங்க."

"அடக் கடவுளே" என்றாள் சரசு.

"அது கூடப் பரவால்லம்மா. பக்கத்து ஊருங்க சம்மதிக்கணும்ல. உறை கெடக்குற எடத்துல இழுவலை இழுத்தா வலை கிழிஞ்சிரும். விசைப்படகுக்காரன் எப்புடி ஒத்துக்குவான்? ஊர் ஊராப் போயி கெஞ்சுனோம். கடைசியில, இந்தப் பருவத்துக்குள்ள எறக்கிட்டா ஒத்துக்குறோம், தவறுனா பேச்சு மாறிரும்னாங்க. வாடைக் காத்து அடிக்க முன்ன எறக்கியாவணும்."

"இத்தன பாடு எதுக்குங்கய்யா?" என்று சரசு கேட்டாள். (நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எல்லாம் அவள்தான் கேட்பாள்.)

"எம் மவனுவ ரெண்டு பேரும் வேற கடலுக்குப் போயி வேற ஆளு படகுல கூலிக்கு நிக்கிறானுவ. ஊருல பாதிப் பயலுவ அப்புடித்தான். கரைக்குப் பக்கத்துல மீனு இருந்தா, சின்னப் படகு வெச்சிக்கிட்டு வூட்டுலயே இருப்பானுவ. வேற ஒண்ணுமில்ல."

அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு நம் கையால் இவ்வளவு அழகாகச் செய்து வைத்திருக்கிறோமே என்று கண் கலங்கியது. அந்தக் கலங்கிய கண்ணோடு போய்த் தார்ப்பாயை இழுத்தேன்.

வெயிலில் எல்லாம் பளபளத்தன.

தங்கராசு என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்று யோசித்திருக்க வேண்டும். சிங்காரவேலுதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கோயில் மதில் மாதிரில்ல இருக்கு."

பாராட்டுகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடம் ஓர் உறைக்குப் பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்தார். கை வழுக்கிக் கீழே வந்தது.

"ஐயா, இது என்ன?"

"பாலிஷுங்க மேடம்."

"உள்ள இந்த நீலம்?"

"எனாமலுங்க."

அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த மௌனத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் நானாக முன்வந்து ஓர் ஆபீசரிடம் பேசிய முதல் வாக்கியம் அப்போது என் வாயிலிருந்து வந்தது.

"பாசியோ சிப்பியோ ஒண்ணு கூட ஒட்டாதுங்க மேடம். கேரண்டி."

மேடம் மெதுவாக அந்த உறையின் விளிம்பில் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஐயா, பாசி ஒட்டணும். சிப்பி ஒட்டணும். அது ஒட்டினாத்தான் அதை மேயச் சின்ன மீன் வரும். சின்ன மீன் வந்தாத்தான் பெரிய மீன் வரும். அதுக்குத்தான் சொரசொரப்பா வேணும். பெயிண்டு வேற மீனுக்கு விஷம். டயர் போடக் கூடாது, ஆயில் கூடாதுன்னு எல்லாம் எழுதினோம். இதை எழுதணும்னு எங்களுக்குத் தோணவே இல்லையே."

வாழ்நாள் முழுக்க எதை ஒட்டவிடாமல் பார்த்துக்கொண்டேனோ, அது ஒட்டுவதற்காகத்தான் இத்தனை ஆபீஸ், இத்தனை கையெழுத்து. பாலிஷ் போடாமல் சும்மா இருந்திருந்தால் போதும். என்னைவிடச் சோம்பேறியான ஓர் உறைக்காரன் அந்த ஊரைக் காப்பாற்றியிருப்பான்.

"மச்சான், யாரக் கேட்டு அடிச்சீங்க?" என்றார் தங்கராசு.

"யாரையுமே கேக்கலீங்க மாப்பிள்ளை." அதுதான் உண்மை.

சிங்காரவேலு காவிப் பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மேடம் நல்ல மனுஷி. ஒரு வழி சொன்னார். பாலிஷ், பெயிண்ட் எல்லாவற்றையும் உளி வைத்துக் கொத்தி எடுத்துவிட்டால், துறைமுகத்தில் ஏற்றுவதற்கு முன்னால் இன்னொரு முறை பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். காற்று மாறுவதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

கொத்தினோம். நான், சரசு, பட்டறைப் பெண்கள் என்று எல்லோரும் சுத்தியும் உளியுமாக உட்கார்ந்தோம். செம்மேட்டில் பஸ் ஏறப் போகிறவர்கள் எல்லாம் நின்று, "ஏனுங்க மேஸ்திரி, போன வாரம் தேச்சீங்க, இந்த வாரம் கொத்தறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பதில் சொல்லிச் சொல்லி சரசுவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெளிப்பக்கம் சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் ஓட்டைக்குள் உளி போகவில்லை. அங்கே மட்டும் நீலமும் மஞ்சளும் அசையாமல் நின்றன.

எனாமலைத் துடைக்க எங்களுக்குத் தெரிந்த வழி டீசலும் துணியும்தான்.

இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆயில் கூடாது என்று சொன்னார்களே, டீசல் ஆகுமா என்று வந்தது. சரசு என் கையில் போனைத் திணித்தாள்.

"அந்த மேடத்துகிட்டயே கேளுங்க. இந்தத் தடவ நான் உட மாட்டேன்."

போட்டேன். மேடம் எடுத்து "சொல்லுங்கய்யா" என்றார். மறுபடியும் அதே ஆள் மறுபடியும் ஒரு முட்டாள்தனத்தைக் கேட்கிறானே என்று நினைப்பாரே.

"சாப்பிட்டீங்களாங்க மேடம்?" என்றேன்.

"சாப்பிட்டேன் ஐயா. என்ன விஷயம்?"

"அவ்வளவுதானுங்க" என்று வைத்துவிட்டேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் சரசு.

"சாப்பிட்டாங்களாம்."

ஆயில் கூடாது என்று சொன்னது அச்சுக்குத்தானே, நாம் துடைக்கத்தானே போகிறோம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். (மூன்று வருடம் அலையாமல் உடனே கிடைத்த ஒரே அனுமதி அதுதான்.) டீசலில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து ஓட்டைகளைச் சுத்தமாக்கினோம். கொத்திய இடமெல்லாம் பஞ்சு மாதிரி டீசலைக் குடித்தது. வெயிலில் காய வைத்தோம். வாடை போய்விட்டது என்று நான் சொன்னேன். சரசு மூக்கைச் சுளித்தாள். எனக்குச் சளி பிடித்திருந்தது.

சின்ன டிப்பரில் கொஞ்சம் கொஞ்சமாக மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரை இறக்கி, அங்கே பெரிய லாரிக்கு மாற்றிக் கடலுக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு நான் உறையை விட அதிகமாக ஆடினேன்.

அப்படித்தான் நான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். அன்றைக்கு அது எண்ணெய் தேய்த்து வாரிய தலை மாதிரி அமைதியாக இருந்தது. கிரேன் வைத்த மிதவை தயாராக நின்றது. ஊரே துறைமுகத்துக்கு வந்திருந்தது. பெண்கள் தேங்காய், பூ, கற்பூரத்தோடு நின்றார்கள். சிங்காரவேலு புது வேட்டி கட்டியிருந்தார். வேறு கடலுக்குப் போன மகன்களில் சின்னவன், உறை இறக்குவதைப் பார்க்க லீவு போட்டு வந்திருந்தான்.

மேடம் உறைகளைத் தடவிப் பார்த்தார். கை வழுக்கவில்லை. கொத்திய இடம் நன்றாகச் சொரசொரத்தது.

"நல்லாக் கொத்தியிருக்கீங்க ஐயா. இப்பத்தான் இது மீன் வீடு."

எனக்குக் கால் தரையில் படவில்லை. தங்கராசு முதுகில் தட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முறைக்காக ஓர் உறையைக் கரையோரத் தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டுமாம். கிரேன் தூக்கி மெதுவாக இறக்கியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

உறை முழுகியது. அது முழுகிய இடத்தில் தண்ணீரின் மேல் ஒரு வட்டம் விரிந்தது. ஊதா, பச்சை, மஞ்சள், ரோஸ். மயில் தோகை மாதிரி விரிந்துகொண்டே போனது.

"அட, எவ்வளவு அழகா இருக்கு" என்றாள் ஒரு பெண்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கடல் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று.

மேடம் குனிந்து, விரலால் தண்ணீரைத் தொட்டு, முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைத் தேடினார். நான் லாரிக்குப் பின்னால் போய்விட்டேன்.

"டீசலா ஐயா?"

லாரிக்குப் பின்னாலிருந்தே "ஆமாங்க" என்றேன்.

"அன்னைக்குப் போன் பண்ணினீங்களே. இதைக் கேக்கத்தானா?"

அதற்கும் ஆமாங்க என்றேன்.

உறைகளை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊற வைத்து, பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் கடலில் விடலாம் என்றார்கள். அந்த வாரக்கணக்குக்குள் வாடைக் காற்று வந்துவிட்டது. பருவம் போனது. பக்கத்து ஊர்களில் ஒன்று, சொன்ன மாதிரியே பேச்சை மாற்றிக்கொண்டது. ஓர் ஊர் மாறியதும் மற்ற கடுதாசிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழசாயின. சிங்காரவேலு மறுபடியும் முதல் ஆபீசின் வாசலில் போய் நின்றார்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மத்தியானம் அவர் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வர மாட்டேன் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மனைவி இலை போட்டு மீன் குழம்பு ஊற்றினார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்ற கெட்ட பழக்கம் மறுபடியும் தலைதூக்கியது.

"மீனு ரொம்ப ருசிங்க. இங்க புடிச்சதுங்களா?"

"மார்க்கெட்டுல வாங்குனது" என்றார் சிங்காரவேலு. "இங்க ஏது?"

அவருடைய சின்ன மகன் கை கழுவிக்கொண்டு எழுந்து போனான். சாயங்காலமே பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான் என்று பிறகு தங்கராசு சொன்னார். நான் அந்தச் சோற்றை எப்படி முழுங்கினேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தங்கராசுவுக்கு வேலை போகவில்லை. ஆனால் ரொம்ப நாள் அவரைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிட்டார்களாம். அவர் என்னோடு பேசாமல் இருந்தார். மல்லிகா மட்டும் போன் செய்து, "அண்ணா, உங்கள ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லியிருக்காங்க, அதனால ஒண்ணும் சொல்லாம வெக்கறேன்" என்று வைத்துவிடுவாள்.

இரண்டு வருடம் கழித்துச் சிங்காரவேலுவுக்கு மறுபடியும் எல்லா அனுமதியும் கிடைத்தது. உறைகளை வேறு யாரோ கடற்கரையிலேயே போட்டார்கள். (என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்று சொல்லித் தொலைத்திருப்பேன்.) எல்லாம் கடலில் இறங்கின. கொஞ்சம் மீன் வர ஆரம்பித்திருக்கிறது என்கிறார். சின்ன மகன் திரும்பி வந்துவிட்டான். பெரியவன் இன்னும் வரவில்லை. இரண்டு வருடம் முன்னாலேயே நடந்திருந்தால் அவனும் வந்திருப்பானோ என்று நான் நினைப்பதுண்டு. அவன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான்.

புது அனுமதியில் ஒரு கண்டிசன் கூடியிருக்கிறதாம். உறையின் மேல் எந்தப் பூச்சும் பூசக் கூடாது, பூசியதை எந்த எண்ணெயாலும் துடைக்கவும் கூடாது. அந்த ஆபீசில் அதற்குக் கொல்லிமலைக் கண்டிசன் என்று பெயராம். தங்கராசு இதைச் சொல்லிச் சிரித்த அன்றைக்குத்தான் மறுபடியும் என்னோடு பேச ஆரம்பித்தார்.

அது எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பொங்கலுக்கு ஊரெல்லாம் வெள்ளையடிக்கும்போது நானும் சுண்ணாம்பைக் கரைப்பேன். "ஏனுங்க, கண்டிசனு பாத்தீங்களா?" என்பாள் சரசு. அவ்வளவுதான், கை கூசிச் சுண்ணாம்பு மட்டையைக் கீழே போட்டுவிடுவேன். முன்பக்கச் சுவரின் பழைய பூச்சு உதிர்ந்து, செங்கல்லும் ஜல்லியும் தெரிய இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. என் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், போட்டோ எடுக்க வந்தவர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ஒரு பூச்சாவது பூசியிருக்கலாமல்ல?" என்றார். நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த மல்லிகா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"அது அப்படியே இருக்கட்டும் கண்ணு. எங்கண்ணன் ஊட்டுச் செவுத்துல மீனு வந்து முட்டை வெக்கோணும்."